இருபது உருட்டலும் ஒரு பழைய சண்டையும்

மணி,

நாலு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சேகர் ஒருவழியாக வேலை மாறிவிட்டான், வாய் மட்டும் மாறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இருபது தடவை உருட்டியும் ஓர் ஆறுகூட விழாமல், பகடையில் நான் ஏதோ பண்ணிவிட்டேன் என்று நீ பலகையைக் கவிழ்த்தாயே, அதற்குக் கணக்கு பார்த்துவிட்டேன். பைத்தான் என்ற கணினி நிரல்மொழி கற்றுக்கொள்கிறேன், பயிற்சிக்கு நம் வழக்கைவிட நல்லது எங்கே கிடைக்கும்?

இருபது உருட்டல் ஓர் ஆட்டம் என்று வைத்து, ஒரு லட்சம் ஆட்டம் ஆடவிட்டேன். ஒன்றில்கூட ஆறு விழவில்லை! அரை மணி நேரம் திரையை முறைத்த பிறகுதான் புரிந்தது. பைத்தானில் குத்துமதிப்பாக ஓர் எண்ணைத் தரும் கட்டளைகள் இரண்டு. ரேண்ட்இன்ட்டுக்கு 1, 6 என்று கொடுத்தால் ஆறும் சேரும். நான் எழுதியிருந்தது ரேண்ட்ரேஞ்ச். அது கடைசி எண்ணைத் தொடாது. அதாவது ஆறே இல்லாத பகடை. நீ என்மேல் சுமத்திய குற்றத்தை இத்தனை வருடம் கழித்து என் கையாலேயே செய்திருக்கிறேன். சிரித்துத் தொலை.

திருத்தி ஓட்டியதும் 2,583 ஆட்டங்களில் ஆறு இல்லை. இதற்குத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பே வேண்டியதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு தடவை ஆறு விழாமலிருக்க வாய்ப்பு 5/6. அதை அடைப்புக்குறிக்குள் போட்டு, இரண்டு நட்சத்திரம், 20. அதாவது 5/6-ஐ இருபது தடவை பெருக்குவது. விடை 0.026. சுமார் 38 ஆட்டத்துக்கு ஒன்று. ஒரே விடுமுறையில் நாம் அதைவிட அதிகம் ஆடியிருப்போம்.

"ஆறு தடவை உருட்டினால் ஒரு ஆறு நிச்சயம்" என்பாயே, அது 66.5 சதவீதம்தான். விழும் வாய்ப்பைக் கூட்டக் கூடாது, விழாத வாய்ப்பைப் பெருக்கி ஒன்றிலிருந்து கழிக்கணும். "பன்னிரண்டு தடவை விழல, இனி விழுந்தே ஆகணும்" என்றதையும் விடவில்லை. முதல் பன்னிரண்டில் ஆறு வராத ஆட்டங்களை மட்டும் பிரித்தேன்: 11,190. பதின்மூன்றாவதில் ஆறு வந்தது 1,872. அதே ஆறில் ஒன்று!

1654-ல் கணித மேதை பாஸ்கல் இன்னொரு கணித மேதை ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்திலும் இந்த மாதிரித் தகராறு உண்டு. நாலு உருட்டலில் ஓர் ஆறாவது விழ 671 பங்கு, விழாமலிருக்க 625 பங்கு. அவர்கள் கடிதம் எழுதினார்கள், நாம் பலகையைக் கவிழ்த்தோம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது, மணி. நல்ல பகடையிலும் இப்படி நடக்கலாம் என்றுதான் இந்தக் கணக்கு சொல்கிறது. நான் பகடையை மாற்றவில்லை என்று அது நிரூபிக்கவில்லை. ஆறில்லாத பகடையென்றால் நூற்றுக்கு நூறு இப்படித்தானே நடக்கும்? என் பேச்சை நீ நம்பாததுதான் அன்றைக்கு வலித்தது. அந்த வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தப் பகடையை நீதானே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாய்? தேடி எடுத்து 600 தடவை உருட்டு. 100-ஐ ஒட்டி ஆறு வரணும். 80-க்குக் கீழே போனால் எழுது, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உன்,
ரவி