டெய்லர் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

நேரில் நன்றி சொல்ல வந்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். சீட்டில் 'அனோரெக்ஸியா', அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் மனநோய், என்று டாக்டர் எழுதி இந்தத் தையோடு மூன்று வருஷம்.

முதலில் அந்த டூட்டி டாக்டருக்கு. அதற்கு முன்னால் பார்த்தவர்கள் 'ரத்தசோகை, பேரீச்சம்பழம் சாப்பிடும்மா' என்று டானிக்கோடு அனுப்பிவிட்டார்கள். நீங்கள்தான் மணிக்கட்டைப் பிடித்து முழுசாக ஒரு நிமிஷம் நாடியை எண்ணினீர்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னீர்கள். பட்டினி கிடக்கும் உடம்பு இதயத்துடிப்பையே குறைத்துச் சிக்கனம் பிடிக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினீர்கள். அம்மா அன்றைக்கே கறிக்குழம்பும் நெய்ச்சோறுமாகக் கேரியரோடு வந்து நின்றாள். காய்ந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே வினையாகும் என்று தடுத்தீர்கள். அன்றைக்கு உங்களைத் திட்டியவள், இப்போது வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்கிறாள்.

உடம்பு இளைத்தது ஊருக்கே தெரிந்தது. உள்ளே நடந்ததை எப்படிச் சொல்ல? "சாப்டியா?" என்று யார் கேட்டாலும் வேவு பார்ப்பதாகத் தோன்றும். ஹாஸ்டலில் சாப்பிட்டேன் என்று வீட்டில் பொய், வீட்டில் சாப்பிட்டேன் என்று ஹாஸ்டலில் பொய். கல்யாணப் பத்திரிகை வந்தால் பந்தியை நினைத்தே வயிறு கலங்கும். உயிர்த்தோழியின் வளைகாப்புக்கு நான் போகவில்லை. காரணம் ஐந்து வகைச் சாதம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு விடிய விடிய அழுதேன். சாப்பிடாதவளுக்கு நாளெல்லாம் சாப்பாட்டு நினைப்புதான். நடுராத்திரியில் சமையல் வீடியோவாகப் பார்ப்பேன். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன்.

கவுன்சிலர் மேடம், நீங்கள்தான் மின்னசோட்டா கதையைச் சொன்னீர்கள். 1944 கடைசியில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி. 36 திடமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாசம் அரைவயிறாக வைத்திருந்தார்கள். அவர்களும் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஆளோடு பேசப் பிடிக்காமல் ஒதுங்கினார்கள். "உன் குணம் கெட்டுப்போகலம்மா, பசி பேசுது" என்றீர்கள். அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.

ஒருநாள் அந்தத் தூக்கமும் வராமல் 14416-க்கு அடித்தேன். டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை. எடுத்த அக்கா யாரென்றே தெரியாது. புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் அக்கா.

தம்பி, உனக்கு. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவன் நீ. பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு, ஒரு இட்லியை நான் முக்கால் மணி நேரம் தின்னும்வரை பக்கத்தில் உட்கார்ந்து உன் இட்லியையும் பிட்டுக்கொண்டிருந்தாய். என் தட்டை நீ ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கிரிக்கெட்டே பேசினாய், எனக்கு ஒன்றும் புரியவில்லை, அது வேறு விஷயம்.

தெருவில் "எப்படி எளச்சே, எனக்கும் சொல்லு" என்றவர்கள்தான் பிறகு "இப்பத்தான் பூசினாப்புல இருக்கே" என்றார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இரண்டுக்குமே நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். இப்போதெல்லாம் என் உடம்பைப் பற்றி வாயே திறக்காத அத்தைக்கு அதற்காகவே ஒரு நன்றி.

டெய்லர் அண்ணே, நான் இளைக்க இளைக்க ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தபோது நீங்கள் துணியை வெட்டவே இல்லை என்று எனக்குத் தெரியாது. போன ஆவணியில் கை ஏறவில்லை என்று வாசலில் கூசிப்போய் நின்றேன். மெஷினிலிருந்து நிமிராமலே, "உள்ள துணி விட்டுதாம்மா வச்சிருக்கேன், பிரிச்சுத் தரேன்" என்றீர்கள். முப்பது ரூபாய் வாங்கினீர்கள்.

வளைகாப்புக்கு ஏன் வரவில்லை என்று இன்றுவரை கேட்காத என் தோழிக்கு: நேற்றுகூட அரைத் தோசையை வைத்துவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் பிள்ளையின் காதுகுத்துக்கு வருகிறேன். தம்பி பக்கத்தில் எனக்கும் ஒரு இலை போடச் சொல். அந்த ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவேன்.