பரணில் கிடக்கும் வண்ணப் பெட்டி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் அப்படியொரு சந்தோஷம். ஆனால் கடைசி வரி மனதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. வண்ணப் பெட்டியைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டதாக எழுதியிருக்கிறாய். "யாருக்கு வேணும்?" என்று வேறு கேட்டிருக்கிறாய்.

2018இல் கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழுவின் போஸ்டர்களைப் பார்த்தேன் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? 1984இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய சர்வதேசக் கண்காட்சி. 160க்கும் மேற்பட்ட கலைஞர்கள். அதில் பெண்கள் 20 பேர்கூட இல்லை. அந்தக் கோபத்தில் மறு வருஷம் சேர்ந்தவர்கள்தான் இவர்கள். சொந்தப் பெயரை மறைத்து, ஃப்ரிடா காலோ, கேத்தே கோல்விட்ஸ் என்று மறைந்த பெண் கலைஞர்களின் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். முகத்தில் கொரில்லா முகமூடி. மறைந்திருந்து தாக்கும் போரைக் குறிக்கும் 'கெரில்லா'வை அவர்களில் ஒருத்தி 'கொரில்லா' என்று பிழையாக எழுதியதில் வந்ததாம் அந்த யோசனை. தமிழில் அந்தப் போருக்கும் குரங்குக்கும் பல பேர் 'கொரில்லா' என்றே எழுதிவிடுகிறோமே!

எனக்குப் பிடித்தது அவர்கள் எண்ணியதுதான். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போய், ஒவ்வொரு படமாக நின்று எண்ணியிருக்கிறார்கள். நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாண உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். 1989இல் அதைப் போஸ்டராக்கினார்கள். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் வரைந்த, முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் பெண்ணை எடுத்து, தலையில் கொரில்லா முகத்தை மாட்டி, 'மெட் அருங்காட்சியகத்துக்குள் நுழையப் பெண்கள் நிர்வாணமாகத்தான் இருக்க வேண்டுமா?' என்று கேட்டார்கள். விளம்பரப் பலகைக்காக அதைச் செய்யச் சொன்ன அமைப்பே வேண்டாம் என்றுவிட்டது. கைக்காசு போட்டு நகரப் பேருந்துகளில் ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் பஸ் கம்பெனியும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2012இல் திரும்பப் போய் எண்ணினால், பெண் கலைஞர்கள் 4 சதவீதம்கூட இல்லை.

சரி, நாமும் எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கல்லூரியில் நம் வகுப்பில் பாதிப்பேர் பெண்கள். இன்றும் வரைகிறவர்கள் யார் யார் என்று விரல் மடக்கினேன். ஒரு கைக்கே ஆள் போதவில்லை.

ஆண்டுக் கண்காட்சியில் உன் தறிப் படத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்களே, அதுவும் ஞாபகம் வந்தது. யாராவது உள்ளே வரும்போதெல்லாம் கதவு படத்தை மூடிவிடும். நாள் முழுக்க நீ பக்கத்திலேயே நின்று கதவை இழுத்து இழுத்துச் சாத்தினாய். அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

பெண் கலைஞராக இருப்பதன் 'வசதிகள்' என்று 1988இல் அவர்கள் போட்ட பட்டியலில், எண்பது வயதுக்கு மேல் பெயர் கிடைக்கலாம் என்று ஒரு வரி வரும். உனக்கு அறுபதுதானே ஆகிறது.

மே மாதம் வருகிறேன். அதற்குள் மாப்பிள்ளையிடம் சொல்லிப் பெட்டியை இறக்கி வை. எந்தெந்த டியூப் காய்ந்துபோயிருக்கிறது என்று எழுது, வாங்கி வருகிறேன்.

பிரியமுடன்,
வசந்தி