கரப்பானை நசுக்க வேண்டாம்

என் அருமை கேட்ச்சருக்கு,

திட்டுவதாக இருந்தால் முதலிலேயே திட்டிவிடு. நாம் கடைசியாக மனம்விட்டுப் பேசியது 2021 ஜூலையில், டோக்கியோ ஒலிம்பிக் சாஃப்ட்பால் இறுதிப் போட்டியில் ஜப்பான் 2-0 என்று அமெரிக்காவை ஜெயித்த அன்று. போனை வைக்கவிடாமல் பிட்சிங்கைப் பற்றியே பேசித் தீர்த்தாய். அதற்கப்புறம் நான்தான் எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நம் டீம் லெஃப்ட் ஃபீல்டர் சொன்னாள். நிம்மதி. உன் முழங்கால் இன்னும் எழும்போதெல்லாம் சத்தம் போடுகிறதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் என் மகள் பேட்டைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் விளையாட வரமாட்டேன் என்றாள்.

பதின்மூன்று வயது. எட்டு வயதிலிருந்து பேட்டைக் கட்டிக்கொண்டு தூங்கியவள். 43 அடி தூரத்திலிருந்து வீசும் பிட்சர்களை இந்த வருடம்தான் முதன்முறையாகச் சந்திக்கிறாள். வெளிப்பக்கம் வரும் பந்தையெல்லாம், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் காலடியில் உருட்டிவிடுகிறாள். உள்ளே உயரமாக வந்தால் பந்து நேரே தலைக்கு மேல் எழும்பி, பின்னால் உட்காரும் கேட்ச்சர் கையில் விழுகிறது. நான் வலைக்குப் பின்னால் நின்று கத்துவேன்: இடுப்பைத் திருப்பு! பின்காலைத் திருகிக் கரப்பானை நசுக்கு! மேலேருந்து வெட்டு! நம் காதில் ஓதியதைத்தான் அவள் காதில் ஓதினேன். அன்று திரும்பிப் பார்த்து, "அம்மா, பந்து அரை செகண்ட்ல வந்துடுது. நீ சொல்ற மூணுல நான் எதைக் கேக்கறது?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அசந்துபோய்ச் சொன்னாள்.

அவள் கணக்கு சரி. பிட்சர் பந்தை விடும்போது ஏறக்குறைய ஆறடி முன்னால் வந்துவிடுகிறாள். மிச்சம் 37 அடி. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் பந்துக்கு அது ஏறக்குறைய அரை விநாடித் தூரம்தான். 2004-இல் சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச், பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸை ஸ்ட்ரைக் அவுட் செய்த கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அறுபதடி ஆறங்குலத்திலிருந்து, தோளுக்கு மேலிருந்து வரும் பந்துக்குப் பழகிய அவ்வளவு பெரிய கண்ணே, இடுப்புப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வரும் பந்துக்குத் தடுமாறியது. ஒரு குழந்தை மூன்று கட்டளைகளை எந்த நேரத்தில் நிறைவேற்றும்?

அன்று இரவு அவளுடைய வீடியோக்களை எடுத்து உட்கார்ந்தேன். விநாடிக்கு 240 படம் எடுக்கும் போன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். "முகத்தைப் பாக்காதே, பெல்ட்டைப் பாரு" என்பாயே, பெல்ட்டைத்தான் பார்த்தேன்.

இடுப்பு நன்றாகத் திரும்புகிறது. நான் கேட்டதைவிட அதிகமாகவே திரும்புகிறது. ஆனால் முன்கால் தரையைத் தொடுகிற அதே படத்தில் கையும் கிளம்பிவிடுகிறது. இடுப்பு, தோள், கை, பேட் எல்லாம் சேர்ந்து கதவு திறக்கிற மாதிரி ஒரே பலகையாகத் திரும்புகின்றன. ஈரத்துணியை எப்படிப் பிழிவோம்? ஒரு முனை திரும்பும்போது மறுமுனை விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும். இரண்டு முனையும் ஒரே பக்கம் போனால் சொட்டுத் தண்ணீர் வராது. நான் 'திருப்பு, திருப்பு' என்று கத்தினேனே தவிர, எது திரும்ப வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

நல்ல பேட்டர்களின் வீடியோக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்குதிகால் இறங்குகிறது, இடுப்பு திறக்கத் தொடங்குகிறது, கைகள் மட்டும் பின்தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த நாலைந்து படங்களுக்குள்தான் முறுக்கு ஏறுகிறது. அடுத்து முன்முழங்கால் விறைத்து நிமிர்கிறது. அது பிரேக். இடுப்பு அங்கே தடுக்கப்பட்டதும் வேகம் மேலே ஏறி, உடம்பு, தோள், கை என்று கடந்து கடைசியாகப் பேட்டுக்கு வருகிறது. அந்த நேரத்தில் பின்காலில் எடையே இல்லை. கட்டைவிரல் நுனி மட்டும் தரையில் இருக்கிறது. சிலருக்கு அதுவும் எழும்பிவிடுகிறது. கரப்பானை நசுக்க வேண்டுமானால் எடை பின்காலிலேயே நிற்க வேண்டுமே! நம்மைத் திரும்ப வைக்கத்தான் கோச் அப்படிச் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான். ஆனால் நாம் எத்தனை வருடம் எடையைப் பின்னால் போட்டு அந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினோம் என்று நினைத்தால் மனது கேட்கவில்லை.

'மேலிருந்து வெட்டு' அதைவிட மோசம். இடுப்பு உயரத்தில் கிளம்பும் பந்து, பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியபடிதான், பேட்டர் பக்கத்தில் தரையில் இருக்கும் பிளேட்டுக்கு வருகிறது. டிராப் பால் இன்னும் செங்குத்தாக இறங்கும். மேலிருந்து வெட்டும் பேட் அந்தப் பாதையை ஒரே ஒரு புள்ளியில்தான் குறுக்கே தாண்டுகிறது. நேரம் இம்மி தவறினாலும் பந்தின் தலையிலோ அடியிலோதான் படும். பேட் பின்னாலேயே சீக்கிரமாக இறங்கி, பந்து வரும் தண்டவாளத்தில் ஏறி, அதிலேயே கொஞ்ச தூரம் எதிர்கொண்டு போக வேண்டும். அப்படிப் போனால் சற்றுத் தாமதமானாலும் பந்து ரைட் ஃபீல்டுக்காவது பறக்கும்.

இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இடுப்பு முன்னே போய்க் கை காத்திருந்தால், பின்முழங்கை தானாக விலாப் பக்கம் இறங்குகிறது, பின்தோள் தாழ்கிறது, பேட் படுத்துக்கொள்கிறது. அவளிடம் யாரும் 'பேட்டைச் சாய்' என்று சொல்லவே வேண்டாம். கை முதலில் கிளம்பினால் அது உடம்பைவிட்டு வெளியே நீண்டுவிடும். பேட் பெரிய வட்டமாகச் சுற்றிவந்து, வெளிப்பந்தின் மேல் மணிக்கட்டு சீக்கிரமே புரண்டுவிடும். ஷார்ட்ஸ்டாப்புக்கு உருளும் பந்தெல்லாம் அப்படி வந்ததுதான்.

நீ இப்போதே, மேலே ஏறுகிற மாதிரி வரும் ரைஸ் பாலைக் கொண்டுவந்து சண்டைக்கு நிற்பாய், தெரியும். மார்புக்கு மேலே போகும் ரைஸ் பாலை விட்டுவிடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். பிளேட் அகலத்துக்குள் உயரமாக வந்தால் உடம்பின் சாய்வைக் குறைத்தால் போதும், வெட்ட வேண்டாம். மறுப்பு இருந்தால் எழுது.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரம், ஒரே ஒரு வேலை, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். முன்கால் வைத்ததும் நிற்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, கை பின்னாலேயே இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொண்டு, அப்புறம் அடிக்க வேண்டும். பந்தைத் தாங்கும் கம்பமான டீ ஸ்டாண்டின் மேல் பந்து அசையாமல் இருக்கும். அவ்வளவுதான். முதல் வாரம் பந்து எங்கேயும் போகவில்லை. இரண்டாம் வாரம் வலைக்கு எதிரே நிறுத்தினேன். பேட்டின் அடிமுனையைத் தொப்புளில் வைத்தால் மறுமுனை வலையைத் தொடும் தூரம். வலையில் உரசாமல் வீச வேண்டும். கை நீண்டால் வலையே சொல்லிவிடுகிறது, அம்மா சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம்தான் அவள் மறுபடி சிரித்தாள்.

நேற்று மாலை ஒரு வெளிப்பந்து. தாழ்வாக, கண்டிப்பாக ஷார்ட்ஸ்டாப்புக்கு உருளும் வகை. காத்திருந்து அடித்தாள். செகண்ட் பேஸ் ஃபீல்டர் தலைக்கு மேல் நேராகப் பாயும் லைன் டிரைவ், ஃபீல்டர் அசைவதற்குள் தரையில் குத்திப் போய்விட்டது. அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். எல்லோரும் போனபிறகு நான் பேட்டிங் பாக்ஸில் குனிந்து மண்ணைப் பார்த்தேன். முன்பெல்லாம் அவள் பின்கால் நின்ற இடத்தில் கிண்ணம் மாதிரி வட்டமாகக் குழி விழும். நேற்று குழி இல்லை. கட்டைவிரல் இழுத்த ஒரு சின்னக் கோடு, பிட்சர் பக்கமாக, ஒரு சாண்கூட இருக்காது. கால் வைத்து அழிக்க மனம் வரவில்லை.

ஆனால் முடிந்துவிடவில்லை. வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப் வந்தால் கை காத்திருக்கிறது, இடுப்பு காத்திருப்பதில்லை. முன்னாலேயே திறந்து தீர்ந்துபோய், வெறும் கையால் தொடுகிறாள். பின்முழங்கை சில சமயம் கையையும் முந்திக்கொண்டு முன்னே வந்து, பேட்டைப் பின்னால் இழுத்துவருகிற மாதிரியும் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் எனக்கு உறுதியாகப் பிடிபடவில்லை. உன் இடத்திலிருந்து, பிளேட்டுக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

அதனால் மூன்று வீடியோ அனுப்புகிறேன். மூன்றாவதை மெதுவாக ஓட்டிப் பார். முழங்கையைப் பார்த்துவிட்டு, மூடி மறைக்காமல் எழுது. விடுமுறையில் வந்தால் இன்னும் நல்லது. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நாற்காலி போட்டுத் தருகிறேன். அவளிடம் நீ வரலாம் என்று சொல்லிவிட்டேன். "கேட்ச்சர் சித்தி கத்துவாங்களா?" என்று கேட்டாள். கத்த மாட்டாள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன்
ஷார்ட்ஸ்டாப்