அம்பை வட்டார ஊர் விவரத் தொகுப்பு: துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அம்பை என்று நாம் அழைக்கும் அம்பாசமுத்திரத்திலும் சுற்றுச் சிற்றூர்களிலும் எங்களுக்குத் திண்ணையும் நேரமும் தந்த அனைவருக்கும் வணக்கம்.

அம்பை வட்டார ஊர்களைப் பற்றிய எங்கள் விவரத் தொகுப்பு அச்சேறிவிட்டது. உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி நீங்கள் சொன்னவை என்பதால், நன்றியையும் ஊரறியச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் நன்றி கல்லிடைக்குறிச்சியில் பல்லாண்டுகள் வயல்களுக்கு நீர் பாய்ச்சி வந்த பெரியவருக்கு உரியது. ஊர்களை ஊராட்சி வரிசையில் அடுக்கி நாங்கள் எழுதியிருந்த வரைவை முழுவதும் கேட்டுவிட்டு, "தண்ணி வார வரிசையில எழுதுங்க தம்பி, ஊரு தானா விளங்கும்" என்றார். எழுதியதைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். தாமிரபரணியின் குறுக்கே உள்ள 8 பழைய அணைக்கட்டுகளில் மேலிருந்து முதல் மூன்றான கோடைமேலழகியானும் நதியுண்ணியும் கன்னடியனும் இவ்வட்டாரத்தைப் பங்கிட்டு வைத்திருப்பதும், வடகரையில் அம்பைப் பக்கம் நதியுண்ணிக் கால்வாயை நம்பியிருக்க, தென்கரையில் கல்லிடைக்குறிச்சி தொடங்கிச் சேரன்மகாதேவி வரை கன்னடியனே சோறு போடுவதும் அதன் பிறகுதான் எங்களுக்குப் பிடிபட்டன. கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களில் எதுவானாலும், நாற்றுவிடும் நாளை முடிவு செய்வதில் மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் ஒரே கணக்கு இருப்பதில்லை. (பசு நடந்த தடத்திலேயே கன்னடியன் கால்வாய் வெட்டப்பட்டது என்ற கதையை நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். நால்வர் சொன்னதும் தொகுப்பில் இருக்கின்றன.)

வரைபடம் கேட்டு ஓர் அலுவலகத்தில் மூன்று முறை காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினோம். அக்குறையை, ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் மடைகளைத் தம் நினைவிலிருந்தே தாளில் குறித்துத் தந்து தீர்த்துவைத்தார். கால்வாய்க் கரையோரம் நாங்கள் நடந்து சரிபார்த்தபோது இரண்டே இடங்களில்தான் அவரது தாள் பிசகியிருந்தது.

வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் வட்டெழுத்துக் கல்வெட்டை எங்களுக்கு வரிவரியாக விளக்கிய தமிழாசிரியைக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று இளங்கோய்க்குடி என வழங்கிய இவ்வூர்ச் சபையாரிடம் அரசன் 290 காசு கொடுத்ததும், காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் வீதம் 580 கலம் நெல் வட்டியாகக் கோயிலுக்கு அளக்கப்பட வேண்டும் என்று விதித்ததும் அதில் உள்ளன. முதலைத் தொடாமல் வட்டி நெல்லில் பூசை நடத்தும் ஏற்பாடு அது. நெல்லைப் பற்றிய அடுத்த அத்தியாயத்துக்கு, 1937-இல் இங்கே நிறுவப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றியும் 1986-இல் அது வெளியிட்ட அம்பை 16 ரகத்தைப் பற்றியும் விவசாயிகள் பலர் பேசினார்கள். அவர்களுக்கும், மாவு பிசைந்த கையோடு எங்களுக்குப் பதில் சொன்ன கல்லிடைக்குறிச்சி அப்பளத் தொழிலாளர்களுக்கும் நன்றி.

பத்தமடையில் பாய் நெய்யும் அம்மா ஒருவர் ஒரு முற்பகல் முழுவதையும் எங்களுக்காகச் செலவழித்தார். நீரில் ஊறிய கோரையைக் கத்தி நுனியால் நெடுக்காகக் கீறி, நூல்போல ஆனதும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, தடித்ததை ஒதுக்கிவிட்டு மெல்லியதை மட்டும் தறிக்கு எடுத்துவைத்தார். ஒரு சாண் நெய்வதற்குள் எங்கள் கேள்விகள் தீர்ந்துபோயின. அவரோ தலைநிமிராமல் நெய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை எழுதும்போது, பாய்க்கு நாங்கள் சூட்டியிருந்த அடைமொழிகளையெல்லாம் அடித்துவிட்டோம்.

கடைசியாக, திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் இருண்ட படிகளில் கைவிளக்கோடு எங்களுக்கு முன்னே ஏறி, ஐந்து நிலைகளிலும் உள்ள சுவரோவியங்களையும் மரச்சிற்பங்களையும் காட்டிய கோயில் காவலருக்கு நன்றி. ஓவியத்துக்கு நேரே வெளிச்சத்தைப் பிடித்தால் வண்ணம் மங்கித் தெரியும், பக்கவாட்டில் பிடியுங்கள் என்று அவர் சொன்னதால்தான் தொகுப்பில் உள்ள படங்கள் தெளிவாக அமைந்தன. கீழே இறங்கியதும் மருத மரத்தடியில் அமர்ந்து பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களை எங்களுக்கு எழுதித் தந்தவரும் அவர்தான்.

பேசியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி கொண்டுவந்து தருவோம். பிழை கண்டால் ஓரத்தில் குறித்து வையுங்கள், பிசான அறுவடை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
தொகுப்பாளர்கள்