குழாய்ச் சத்தம்: ஆள் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குழாயை மூடினதும் சுவருக்குள் 'டக்'கென்று இடிக்கிற சத்தம் பற்றி நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். வேகமாக ஓடிவரும் தண்ணீரை ஒரே நொடியில் நிறுத்தினால் அந்த வேகம் முழுக்க அழுத்த அலையாகத் திரும்பிக் குழாயை உலுக்கும், அதுதான் இந்த இடி; வாஷிங் மெஷின் வால்வு பட்டென்று மூடுவதால் அங்கே இன்னும் பலமாகக் கேட்கும். இதைச் சும்மா விடாதீர்கள், நாளாக நாளாக இணைப்புகள் தளர்ந்து கசியும்.

முதலில் வெளியே தெரிகிற குழாய்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், சுவரில் உரசும் இடத்தில் ரப்பர் துண்டு வையுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும் என்பது என் அனுபவம். அப்புறம் தண்ணீர் அழுத்தத்தை அளந்து பாருங்கள். வீட்டுக்கு 3 முதல் 4 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) தாராளம், 5.5ஐத் தாண்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு கட்டாயம் வேண்டும்.

திறக்கும்போது மட்டும் கீச்சென்றோ அதிர்ந்தோ சத்தம் வந்தால் பெரும்பாலும் தேய்ந்த வாஷர்தான், மாற்றினால் போதும். வெந்நீர்க் குழாயில் 'டிக் டிக்' என்று கேட்பது சூட்டில் குழாய் விரிவதால், அதற்குப் பயப்பட வேண்டாம். இதையெல்லாம் பார்த்தும் இடி நிற்கவில்லையென்றால் சத்தத்தைப் பதிவு செய்து இங்கே போடுங்கள், எந்தக் குழாயை மூடும்போது வருகிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.