பள்ளித் திருப்பணி நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது நாம் படித்த தொடக்கப் பள்ளிக்காகக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த வேலை நல்லபடியாக முடிந்தது. திருப்பணி என்று நம் ஊரில் கோயில் வேலையைத்தான் சொல்வோம். அ, ஆ எழுதிப் பழகிய இடத்துக்குச் செய்ததையும் அதே பெயரால் சொல்லலாம் என்று குழுவில் எல்லோருக்கும் தோன்றியது.

அன்றைக்குப் பெரிய டிவி ஒன்று வாங்கி மாட்டுவதாகத்தான் பேச்சு. உங்களில் பாதிப் பேர் அதற்கென்றே பணம் அனுப்பினீர்கள். அதனால் திட்டம் ஏன் மாறியது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

தலைமையாசிரியையைப் பார்த்துக் கேட்டோம். அவர் டிவி வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஒரு மணி நேரம் வகுப்புல உக்காந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார். உட்கார்ந்தோம்.

பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறை, நான்கும் ஐந்தும் இன்னோர் அறை. கொரோனா காலத்துப் படிப்பு இழப்பைச் சரிசெய்ய 2022-ல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அரும்புப் பிள்ளைகளோடு டீச்சர் உட்கார்ந்தால் மற்ற இரண்டு குழுவுக்கும் கையில் வேலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சண்டைதான், இல்லையென்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிவி எல்லோருக்கும் ஒரே பாடத்தைத்தான் காட்டும். டீச்சருக்குத் தேவைப்பட்டது, ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துச் செய்யக்கூடிய பொருள்கள்.

பாடநூல், நோட்டு, சீருடை, பை எல்லாம் அரசு தந்துவிடுகிறது. தினமும் செலவாகிற சார்ட், அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை இவற்றில் பெரும்பகுதியை இரண்டு ஆசிரியர்களும் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதை அவர்களாகச் சொல்லவில்லை. நாங்கள் துருவிக் கேட்டபிறகுதான் தெரிந்தது. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் கேட்காமல் விட்டோமே என்று எங்களுக்கு வருத்தமாகிவிட்டது.

முதல் வேலை எழுத்துக்கட்டைகள். கடையில் கிடைத்தவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள். தமிழுக்கு 247 கட்டை செய்தால் பிள்ளைகள் தேடியே களைத்துப்போவார்கள் என்று டீச்சர் ஒரு கணக்குப் போட்டார். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகர வரிசை 18. இகர, ஈகாரத்திலும் உகர, ஊகாரத்திலும் குறி எழுத்தோடு ஒட்டியே வருவதால் அவற்றை முழு எழுத்தாகவே வைத்தால் 72. ஆக 121 எழுத்து. மீதி எல்லாவற்றையும் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு, கொம்புக்கால் என்ற ஐந்தே குறிகளை முன்னும் பின்னும் வைத்துச் சேர்த்துவிடலாம். நம் ஊர்த் தச்சர் மிச்சமிருந்த பிளைவுட் துண்டுகளில் வெட்டி, ஓரம் குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடிக்கடி வருகிற எழுத்துகளை மட்டும் நாலைந்தாகச் செய்திருக்கிறோம்.

போன வாரம் பார்த்த காட்சி இது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் படத்தைப் பார்த்துக் 'கோழி' சேர்த்துக்கொண்டிருந்தான். க-வை வைத்து அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பை வைத்தான். காதில் விழுவது 'க்' முதலில், உயிர் பின்னால். அதனால் கொம்பும் பின்னால்தான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே கொம்பை முன்னால் நகர்த்தினான். ழி-யையும் வைத்து வாசித்தான்: "கேழி." பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்றும் பேசாமல் ஒரு கால் கட்டையை அவன் பக்கம் தள்ளிவிட்டது. அவ்வளவு நேரமும் டீச்சர் வேறு மூலையில் அரும்புக் குழுவோடு இருந்தார். சிலேட்டில் அழித்து அழித்து எழுதினால் இப்படி நகர்த்திப் பார்க்க முடியாது.

அடுத்தது எண்கட்டைகள். ஒன்றுக்குச் சின்னக் கனசதுரம், பத்துக்கு நீளக் குச்சி, நூறுக்குச் சதுரப் பலகை, ஆயிரத்துக்குப் பத்துப் பலகை உயரமுள்ள பெரிய கனசதுரம் என்று அளவாக வெட்டியவை, இரண்டு செட். ஒரு செட்டில் 'நூறு' பலகைகளில் நான்கு குறைவாக வந்து, மூன்று முறை போன் செய்தபிறகு சரியாக வந்து சேர்ந்தது. தமிழில் எண் கற்கும் பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 90-க்குப் பெயர் தொண்ணூறு, 900-க்குப் பெயர் தொள்ளாயிரம். காதில் கேட்டால் ஒன்றில் நூறு இருக்கிறது, மற்றதில் ஆயிரம் இருக்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தொள்ளாயிரம் என்றதும் 9000 என்று எழுதியிருந்தாள். தவறு என்று டீச்சர் கோடு போட்டு அடிக்கவில்லை, கட்டையில் அடுக்கச் சொன்னார். ஆயிரம் கட்டையைத் தேடினாள், பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டீச்சர் அதை நடுவில் வைத்து, பக்கத்தில் 'நூறு' பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கச் சொன்னார். ஒன்பது அடுக்கியதும் நிறுத்தி, இதுதான் தொள்ளாயிரம் என்றார். அவள் தரையோடு குனிந்து இரண்டின் உயரத்தையும் பார்த்தாள். "இன்னும் ஒண்ணு வச்சாத்தான் டீச்சர் ஆயிரம்" என்றாள்.

மற்றவை: ஒரு பிரின்டர், லேமினேஷன் மெஷின், கைலென்ஸ் பத்து, சுவரோரம் தாழ்வாக இரண்டு அலமாரி. அரசின் வாசிப்பு இயக்கத்தில் வாசிப்பு நிலைக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று பிரித்து வந்த சிறு புத்தகங்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இவற்றில் அதிகம் உழைப்பது பிரின்டர்தான். இங்க் செலவையும் சேர்த்தே கணக்கில் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேறொரு பள்ளியில், நன்கொடையாக வந்த பொருள்கள் பிரிக்காமலேயே பீரோவில் பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆசிரியர்கள் மேல் தப்பில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் அது. அதனால் நம் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பேசி, பிள்ளைகள் கைபட்டு உடைவதும் தொலைவதும் குறை அல்ல, திருப்பணிக் குழு மாற்றித் தரும் என்று எழுதிப் படித்தோம். நாங்கள் செய்ததில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறோம்.

காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். நாற்காலி, கடிகாரம், கரும்பலகை என்று ஊர்மக்கள் தங்களால் முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் தாத்தாக்கள் செய்த பழக்கம்தான் இது.

வரவு செலவு விவரமும் பில் நகல்களும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. வெளியூரில் இருப்பவர்கள் பொருளாளரிடம் கேட்டால் போட்டோ எடுத்து அனுப்புவார். மீதித் தொகையை மாற்றுப் பொருள்களுக்கும் இங்க்குக்கும் மட்டுமே எடுப்பதென்று முடிவு.

இதை எழுதும்போது ஒற்றைக் கொம்பு இரண்டும் ஒரு 'ற'-வும் காணவில்லை. தச்சரிடம் சொல்லியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு