லேஸ் மணவுடை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முதுகு முழுவதும் திறந்தாற்போல் தோன்றும் லேஸ் மணவுடை கேட்டு வருவோரிடம், லேஸைக் காட்டுவதற்கு முன்பே உள்வலையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். அது ஏன் என்று பலரும் கேட்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

வெறும் மேனியில் பூக்கள் படர்ந்திருப்பதாகக் கண்ணுக்குத் தெரிவது, உண்மையில் மேனி நிறத்தை ஒத்த நுண்வலையின் மேல் தைத்த பூவேலையே. உடையின் எடையைத் தாங்குவதும் அந்த வலையும் அதனடியில் மறைந்திருக்கும் உள்கச்சும்தாம். வலையின் நிறம் மேனியைவிடச் சற்றே வெளிறியிருந்தாலும் துணிச்சலான உடை கட்டுப்போட்டதுபோல் ஆகிவிடும். ஆகவே பகல் வெளிச்சத்தில், உங்கள் தோள்மீதே வைத்துப் பார்த்து முடிவு செய்கிறோம்.

லேஸ் வகைகளில் ஷான்டிலி மிக மெல்லியது. கைகளுக்கும் அடுக்குப் பாவாடைக்கும் அழகு, ஆனால் மோதிரம் பட்டாலே இழை இழுத்துக்கொள்ளும். அலான்சோனில் பூவின் விளிம்பைச் சுற்றித் தடித்த நூல் ஓடுவதால் உருவம் எடுப்பாகத் தெரியும். கிப்யூருக்கு அடிவலையே கிடையாது. இன்று பெரும்பாலும் அதைக் கரையும் துணியொன்றில் இயந்திரத்தால் பூவேலை செய்து, பிறகு அத்துணியைக் கரைத்துவிட்டு எடுக்கிறார்கள். கனமானது என்றாலும் உறுதியானது என்பதால், உடலை ஒட்டிய துணிச்சலான வடிவங்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதையே.

காலம் அதிகம் பிடிப்பது தையலில்தான். லேஸை நேர்கோட்டில் வெட்டித் தைத்தால் பூ பாதியில் அறுபட்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு பூவின் ஓரமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, இணைப்பு தெரியாமல் கையால் தைக்கிறோம். 2011-இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமை மணந்த கேத்தரின் மிடில்டனின் மணவுடைக்கு லேஸ் பூக்களைக் கையால் பதித்த ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் என்ற பூத்தையல் பள்ளியின் கலைஞர்கள், 30 நிமிடத்திற்கு ஒருமுறை கைகழுவி, 3 மணி நேரத்திற்கு ஒருமுறை ஊசியை மாற்றினார்கள் என்பது நன்கறிந்த செய்தி. எங்கள் பட்டறை அத்தனை பெரியதல்ல. ஆனால் வியர்வைக் கறையும் மழுங்கிய ஊசியும் லேஸுக்குச் செய்யும் கேடு எங்கும் ஒன்றே.

இவ்வாறு தைத்த உடையைப் பிறகு பெரிதாக்குவது மிகக் கடினம். சிறிதாக்குவதற்கும் பூக்களைப் பிரித்தெடுத்து மீண்டும் பதிக்க வேண்டும். ஆதலால், அளவு பார்க்க வரும்போது மணநாளில் அணியவிருக்கும் உள்ளாடையையும் காலணியையும் தவறாமல் கொண்டுவாருங்கள். உடையை அணிந்தபின் கைகளை உயர்த்தியும் நாற்காலியில் அமர்ந்தும் பார்க்கச் சொல்வோம். எங்கேனும் இழுத்துப் பிடித்தால் தயங்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தையலகத்தார்